ஒரே முகத்துவாரத்தை 14 வருடமாக வரைகிறேன். இடம் மாறத்தான் வேண்டுமா?

கல்லடி சித்திர டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். நீர்வர்ணத்தில் இயற்கைக் காட்சி வரைவது என் சொந்த வேலை. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010ஆம் ஆண்டிலிருந்து பாலமீன்மடுவில் ஒரே இடத்தில் இருந்துதான் வரைகிறேன். வெளிச்சவீட்டுக்குக் கிழக்கே, கரையில் பாதி புதைந்த கொங்கிரீட் துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் மேல் பழைய பாயை மடித்துப் போட்டு இருப்பேன். இடது கைப்பக்கம் வாவி கடலோடு சேருகிற வாய். நேரே அந்தக் கரையில் நாவலடி மணல். வலது பக்கம் வாவி. 1913இல் கட்டிய 28 மீற்றர் வெளிச்சவீடு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. என் படம் ஒன்றிலும் அது இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் பின்னேரம் நாலரை தாண்டினால் அதன் நிழல் நீண்டு வந்து என் தாளில் விழும். அதோடு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிவிடுவேன்.

மொத்தம் 212 படம் இருக்கிறது. எண்ணித்தான் சொல்கிறேன், பின்பக்கத்தில் திகதியும் காற்றும் எழுதி வைப்பது என் பழக்கம். "வாடை", "கச்சான்", "சோழகம்", "காற்றில்லை" என்று.

போன மாதம் ஒரு கண்காட்சிக்கு ஆறு படம் அனுப்பினேன். ஆறும் திரும்பி வந்தது. தெரிவுக்குழுவில் இருந்த ஒருவர் தொலைபேசியில், "டீச்சர், இது போன முறை நீங்கள் தந்த படம்தானே? கல்லடிப் பாலம், பாசிக்குடா என்று வேறு ஏதாவது செய்யுங்களேன், ஆட்களும் வாங்குவார்கள்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்த ஆறில் ஒன்று ஆனி மாதத்தது, வாய் அடைபட்டு மணல் மேடு குறுக்கே கிடக்கும், அதில் ஆடு மேயும். இன்னொன்று கார்த்திகையில், அதே இடத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம். இரண்டையும் அவர் ஒரே படம் என்றார்.

மணல் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் கிடந்ததில்லை. வாய் சில வருடம் தெற்கே தள்ளித் திறக்கும், சில வருடம் என் காலடிக்கே வந்துவிடும். நான் மாறாமல் இருந்தால்தானே அது மாறுவது தெரியும்? என் மனதில் இருப்பது அதுதான். ஆனாலும் கேட்கிறேன். ஓர் இடத்திலேயே தங்கிவிட்டால் கை பழகிப்போய்க் கண் மங்கிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, தொழில் விஷயம். மாரியில் வாயை அடைத்த மணலை வெட்டிவிட்ட பிறகு வாவித் தண்ணீர் பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் கடலுக்குள் இறங்கும். கடல் நீலப் பச்சை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் உடனே கலக்காது. கயிறு போட்ட மாதிரி ஒரு கோடு நிற்கும், அதில் நுரையும் ஆற்றுவாழைத் துண்டுகளும் வளைந்து வளைந்து போகும். அந்தக் கோடு 14 வருடத்தில் எனக்கு இரண்டே முறைதான் சரியாக வந்தது. ஈரத்தில் போட்டால் இரண்டு நிறமும் சேர்ந்து சேறாகிறது. காய்ந்த பிறகு போட்டால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. யாருக்காவது வழி தெரியுமா? கடைசியாக வரைந்ததைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

திருக்கோவில் மாஸ்டர்:

மகள், நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். வயது 71. முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் அதற்கு விடை இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாவித் தண்ணீருக்கு யெல்லோ ஓக்கர் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஒளியை மறைக்கிற வர்ணம். சுண்ணாம்பு கரைத்த மாதிரி நிற்கும், நீலம் பட்டால் சேறுதான். அதை விட்டுவிட்டு ரோ சியென்னாவும் துளி பேர்ன்ட் சியென்னாவும் போடுங்கள். தாளின் வெள்ளை உள்ளே இருந்து தெரியும், பிளேன்டியில் வெயில் பட்ட மாதிரி.

மறுகா, மாரிக்காலத்தில் அவசரப்படக் கூடாது. கச்சான் அடிக்கிற ஆடியில் அஞ்சு நிமிடத்தில் காய்கிற தாள், மார்கழியில் அரை மணித்தியாலமானாலும் உள்ளே ஈரம் பிடித்தபடிதான் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை. மண்ணிறம் முழுதாகக் காய்ந்த பிறகு கடல் பக்கத்தை மட்டும் சுத்தத் தண்ணீரால் நனையுங்கள், கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி. பிறகு நீலத்தை வெளியே இருந்து கோட்டை நோக்கிக் கொண்டு வாருங்கள். அந்தக் கடைசி விரலகலம் உலர்ந்த தாள், அங்கே விளிம்பு கூராக நிற்கும். மயிரிழை வெள்ளை விட்டால் அதுவே நுரை. அதன் பிறகு பிழிந்த தூரிகையால் மூன்று நாலு இடத்தில் மட்டும் விளிம்பைத் தொட்டு உடைத்துவிடுங்கள். முழு நீளத்துக்கும் தொட வேண்டாம். கோடு கண்ணுக்கு ஓரிடத்தில் தெரிந்து ஓரிடத்தில் ஒளிய வேண்டும்.

இன்னொன்று. உங்கள் படத்தில் வானத்தில் திட்டுத் திட்டாக வர்ணம் உறிஞ்சியிருக்கிறது. அது உங்கள் கைப்பிழை இல்லை. ஈரப்பதனில் தாளின் பசை செத்துப்போய்விட்டது, ஒற்றுத்தாள் மாதிரிக் குடிக்கிறது. நம் பக்கத்துக் காற்றில் தாளை அலுமாரியில் அப்படியே வைக்கக் கூடாது. பொலித்தீனில் சுற்றி, தகர டின்னில் மூடி வையுங்கள். நான் பிஸ்கட் டின் அளவுக்கே தாளை வெட்டி வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. அமெரிக்காவில் வின்ஸ்லோ ஹோமர் என்றொரு ஓவியர். 1883இல் மேய்ன் மாநிலக் கரையில் பிரவுட்ஸ் நெக் என்ற இடத்துக்குப் போய்க் குடியிருந்தார். 1910இல் அங்கேயே கண் மூடினார். 27 வருடம். அவருடைய பெரிய கடல் படங்களில் பல அந்தப் பாறைக்கரைதான். பிரான்சில் மொனே, எத்ரெத்தா என்ற சுண்ணாம்புக்கல் மலைக்கரைக்குத் திரும்பத் திரும்பப் போனவர். 1885 நவம்பரில் கடல் வற்றுகிறது என்று தவறாக நினைத்து மலையடியில் இருந்து வரைந்துகொண்டிருந்தபோது பெரிய அலை ஒன்று வந்து ஆளைத் தூக்கி மலையில் அடித்தது. படம், படந்தாங்கி, பை எல்லாம் போயிற்று. ஆனாலும் அடுத்த வருடமே மறுபடி அங்கே போனார். (நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. அந்தப் பயம் உங்களுக்கு இல்லை. வாயில் இழுக்கிற தண்ணீர்தான் பயம், கவனம்.)

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடற்கரையில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு எள் போட இடமில்லாமல் சனம் நிற்கும். எனக்குப் பிடித்தது அதற்கு மறுநாள் காலை. ஆள் ஒன்றும் இல்லை. ஈர மணலில் ஆயிரம் கால் தடம், ஒவ்வொரு தடத்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர், சிலதில் பூ. அலை முதல் வரிசையை அழித்திருக்கும், இரண்டாம் வரிசையைப் பாதி அழித்திருக்கும். நான் அதை நாலு தரம்தான் வரைந்தேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சுவாமி படமும் ஆளுருவமும் செய்து கொடுக்கப் போய்விட்டேன். பிள்ளைகளைப் படிப்பிக்கக் காசு தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். இப்போது கை நடுங்குகிறது. வருடம் ஒன்று வரைந்திருந்தாலும் 40 படம் இருந்திருக்கும். அந்த 40ஐயும் சுவரில் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, மகள்.

நீங்கள் எழும்ப வேண்டாம். அந்தக் கல்லிலேயே இருங்கள்.

பிரேம் கடை:

டீச்சர், நான் டவுனில பிரேம் கடை வச்சிருக்கிறன். மாஸ்டர் சொன்ன அளவுக்கு எனக்குக் கலை தெரியாது. யாவாரம் தெரியும். பாலம் போகும், பாடும் மீன் போகும், அது உண்மை. ஆனா உங்கட படத்தை ஒவ்வொண்டா அனுப்பினதுதான் பிழை. தனியப் பாத்தா யாருக்கும் தண்ணியும் மணலும்தான். ஆறையும் சின்னதா ஒரே பிரேமுக்குள்ள போடுங்க, ரெண்டு வரிசையா. கீழ பென்சிலால மாசத்தை எழுதுங்க. வாய் திறக்கிறது, அகலுறது, அடைபடுறது எல்லாம் பாக்கிறவனுக்குத் தானா விளங்கும். வெள்ளை மவுண்ட் (படத்தைச் சுத்தி வைக்கிற அட்டை) போடாதீங்க, மணல் நிறத்தில போடுங்க. கொண்டு வந்தா கூலி இல்லாமச் செஞ்சு தாறன், ஒண்டு எனக்குக் கடையில மாட்டத் தந்தாப் போதும்.

பாலமீன்மடுத் தோணி:

தங்கச்சி, ஒங்கள எனக்குத் தெரியும். ஸ்கூட்டிய நிப்பாட்டிப் போட்டு, பிளாஸ்கும் பலகையுமா வந்து இருக்கிற ஆள்தானே. நான் அதால நூறு தரம் தோணியோட போயிருப்பன். கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு பறையாமப் போறது.

படம் நல்லம். ஆனா ஒரு பிழை கிடக்கு, சொல்லட்டா? வாய் வெட்டினாப் பிறகு எண்டு எழுதியிருக்கிறீங்க. தோணி நங்கூரம் போட்டு நிக்கிது, ஆனா அணியம் (தோணிட முன்பக்கம்) கடலப் பாத்து நிக்கிது. அப்பிடி நிக்காது. வாவித் தண்ணி அந்த இழுவை இழுக்கக்குள்ள தோணி தானாக் கிறுகி அணியத்த வாவிப் பக்கம்தான் வைக்கும். கயிறு விறைச்சு நிக்கும், அணியத்தில தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு மீசை மாதிரி வெள்ளை ஓடும். அத வச்சீங்க எண்டா தண்ணி ஓடுறது பாக்கிறவனுக்கு விளங்கும்.

மறுகா அந்தக் கோடு. அது எங்களுக்குச் சோறு போடுற கோடு. கலங்கலும் தெளிவும் சேருற அந்த ஓரத்தில குப்பை கூடும், குப்பைக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குப் பெரிசு வரும். நாங்க தூரத்தில இருந்து கோட்டப் பாக்கிறதில்ல, ஆலாவத்தான் பாக்கிறது. ஆலா எல்லாம் கோட்டுக்கு மேலயே வரிசையா நிண்டு நிண்டு விழும். கோடு வளையிற இடத்தில அதுகளும் வளையும். நீங்க பறவைய வானத்தில அங்கொண்டு இங்கொண்டா வச்சிருக்கிறீங்க. தண்ணியில கோடு சரியா வராட்டி, மேல ஆலாவ வரிசையா வச்சுப் பாருங்க.

வாய் வெட்டுறதப் பத்தியும் ஒரு சொல். ஒங்களுக்கு அது நிறம். பள்ளத்து வயல்காரனுக்கு வெள்ளாமை தாழாமக் காப்பாத்துற விஷயம், "வெட்டு, வெட்டு" எண்டு நிப்பான். எங்களுக்கு வாவியில வளருற இறால் எல்லாம் நேரத்தோட கடலுக்குப் போயிருமே எண்டு வயிறு எரியும். மம்பெட்டியால ஒரு முழம் சால் எடுத்து விட்டாப் போதும், மறுகா தண்ணியே வெட்டிக்கொண்டு போகும். காலத்தால தாண்டின இடத்தப் பொழுதுபடத் தாண்டேலாது. மணல் மலை மலையா இடிஞ்சு விழுற சத்தம் எங்கட வீடு வரைக்கும் கேக்கும். ஒருக்கா வெட்டுற அண்டைக்கே வந்து இருந்து கீறுங்க.

கடைசியா ஒண்டு. கேக்கலாமா தெரியல்ல.

ஒங்கட படம் எல்லாத்திலயும் நாவலடிப் பக்கம் வெறும் மணல். சரிதான், நீங்க தொடங்கினது 2010இல. அதுக்கு முந்தி அதில ஊர் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலத்தால வரைக்கும் இருந்தது. என்ட அக்காட வீடு அதில. நீங்க இருக்கிற கல்லில இருந்து பாத்தா நேர தெரியும், நீலக் கதவு, பக்கத்தில ரெண்டு தென்னை, ஒண்டு வாவிப் பக்கம் சரிஞ்சது. மாமி வலை காயப்போடுறது அந்தச் சரிஞ்ச மரத்திலதான். ஒரு போட்டோகூட எங்களுக்கிட்ட இல்ல. எல்லாம் அதோட போயிற்று. நான் சொல்லச் சொல்ல அத ஒரு படத்தில வைக்கேலுமா தங்கச்சி? காசு எவ்வளவு எண்டாலும் பரவாயில்ல.

நிந்தவூரான்:

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். தோணி நானா எழுதினத வாசிச்சதுக்குப் பிறகு நான் எழுத வந்தது சின்னதாப் போயிற்று. ஆனாலும் எழுதுறன்.

எங்கட வாப்பா போர்ட் எழுதுறவர். கடைப் பெயர், லொறிப் பெயர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மட்டும் தனக்காகக் கடற்கரையை வரைவார், மிஞ்சின எனாமல் பெயின்ட்டால, ஹார்ட்போர்ட் துண்டில. எப்பவும் ஒரே கடற்கரை. அகலமான மணல், அதில அடம்பன் கொடி, பின்னால எங்கட மாமாட தென்னந்தோப்பு. உம்மா ஏசுவா, "இதயேதான் எத்தின தரம்" எண்டு.

2013இல ஒலுவில் துறைமுகம் திறந்தாங்க. இந்தக் கரையில மணல் தெற்கில இருந்து வடக்க நகருறது. அலைதடுப்புக் கல்லணை அத மறிச்சிட்டு. தெற்குப் பக்கம் மணல் சேர, வடக்கில இருந்த எங்களுக்கு வர வேண்டிய மணல் வரல்ல. கடல் மட்டும் வந்தது. தோப்பு வேரோட விழுந்தது. வாப்பா வரைஞ்ச அந்த இடத்தில இப்ப நிக்க ஏலாது, தண்ணி. அவர் மௌத்தாகி ஆறு வருசம். 11 ஹார்ட்போர்ட் வீட்டில இருக்கு. ஒவ்வொண்டிலயும் மணலின் அகலத்தைத் தென்னையோட வைச்சு அளந்து பாத்தன். கடைசி நாலில மணல் குறைஞ்சு குறைஞ்சு வருது. அவர் அதச் சொல்லி எங்களுக்கிட்டக் கவலைப்பட்டதே இல்ல. பெயின்ட்டில வைச்சிருக்கிறார்.

இடம் மாறாதீங்க டீச்சர்.

கல்லடி சித்திர டீச்சர்:

மூன்று நாளாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி.

மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். ரோ சியென்னா போட்டு, புறங்கையால் தொட்டுத் தொட்டு 40 நிமிடம் காத்திருந்தேன். கோடு மேல் பாதியில் வந்துவிட்டது. கீழ்ப் பாதியில் பொறுமை கெட்டு நீலத்தை நேரத்தோடு கொண்டுவந்துவிட்டேன், அங்கே பழைய சேறுதான். மூன்றாவது முறையாக வந்தது என்று பாதியை எண்ணிக்கொள்கிறேன். தாளுக்கு டின் வாங்கிவிட்டேன்.

பிரேம் கடை அண்ணா, ஆறு படத்தோடும் வருகிறேன். எனக்கு ஏன் இவ்வளவு நாள் இது தோன்றவில்லை?

தம்பி நிந்தவூரான், வாப்பாவின் 11 ஹார்ட்போர்டையும் பின்பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எனாமல் உப்புக்காற்றில் பூத்துப் போகும். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், காய்ந்த மெல்லிய துணி போதும்.

தோணி அண்ணா, பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். 31 படத்தில் தோணி இருக்கிறது. அதில் வாய் திறந்திருந்த காலத்தவை 12, அணியம் சரியாக நிற்பது மூன்றில்தான். கண் முன்னால் நின்றதை அழகுக்காகத் திருப்பி வைத்திருக்கிறேன். 14 வருடம் அதே இடத்தைப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதினேனே, இதைப் பார்க்கவில்லை. இப்படி ஒருவர் சொன்னது இதுதான் முதல் தரம், அதற்கு நன்றி.

நான் ஏன் அங்கே போய் இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பாரில் என்னை வைத்து அங்கே கூட்டிப் போவார். தூண்டில் போடுவார், மீன் ஒன்றும் பெரிதாகப் படாது. "ரெண்டு தண்ணி சண்டை பிடிக்குது பாரு" என்று அந்தக் கோட்டைக் காட்டுவார். எதிர்க்கரையில் தென்னை வரிசையும் வீடுகளும் பார்த்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரு பச்சைக் கீற்றாகத்தான். கதவு நிறம், மரத்தின் சரிவு ஒன்றும் என்னிடம் இல்லை. அதனால்தான் அந்தப் பக்கம் வெறும் மணலோடு நிறுத்தினேன். தெரியாததை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

வரைகிறேன் அண்ணா. காசுப் பேச்சு வேண்டாம். ஆனால் தொலைபேசியில் கேட்டு வரைய மாட்டேன். நீங்கள் என் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும். கதவு எவ்வளவு உயரம், மரம் எத்தனை பாகை சரிவு, வலை எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்ட வேண்டும். நான் பிழை விட்டால் உடனே சொல்ல வேண்டும், தோணிக்குச் சொன்ன மாதிரி.

பாலமீன்மடுத் தோணி:

வாற ஞாயிறு வாறன். அக்காட மகனும் வாறான், அவன் அப்ப ஏழு வயசு, மாமாட வீட்டில நிண்டதால தப்பினவன். அவனுக்குக் கதவு நீலம் எண்டு ஞாபகம் இல்லையாம், பச்சை எண்டுறான். ரெண்டு பேரும் சண்டை.

நீங்க கல்லில இருக்க வேணாம். ஆறு மணிக்குத் தோணியக் கொண்டு வாறன், நாவலடிக்கே போவம். வீடு இல்ல, கிணத்துக் கட்டு மணலுக்குள்ள இன்னும் கிடக்கு. அதில இருந்து கதவுக்கு எத்தின எட்டு எண்டு எனக்குத் தெரியும்.

கல்லடி சித்திர டீச்சர்:

ஆறு மணிக்கு நிற்பேன். அளவு நாடாவும் கொண்டு வருகிறேன். கதவுக்கு நீலமும் பச்சையும் இரண்டும் எடுத்து வைக்கிறேன்.

அந்தக் கரையில் நின்று என் கல்லைப் பார்த்ததே இல்லை அண்ணா. வெளிச்சவீடும் அங்கே இருந்து தெரியும், என்ன?